அந்தப் பெட்டியைக் காலியாக விடலாமா?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் தேதி, அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கான ‘காமன் ஆப்’ இணையதளம் புதிய பருவத்துக்குத் திறக்கிறது. 1975-இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் இருக்கின்றன. ஒரு பருவத்தில் இதன் வழியாகப் போகும் விண்ணப்பங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. மதிப்பெண், எடுத்த பாடங்கள், பள்ளிக்கு வெளியே செய்தவை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், 650 சொல்லுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை என்பவை எல்லோருக்கும் பொது. அதற்குமேல் ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்குச் சில கேள்விகளைச் சேர்க்கிறது. அவற்றில் சிலவற்றின் மேல் ‘ஆப்ஷனல்’ என்று போட்டிருக்கும். விருப்பமிருந்தால் எழுதலாம், எழுதாவிட்டாலும் விண்ணப்பம் போய்ச் சேரும். பதினேழு வயதுப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் கட்டாயக் கேள்விகளைவிட அதிகம் அலைக்கழிப்பது இந்தக் கட்டாயமில்லாத கேள்விகள்தான்.

இந்தக் குழப்பத்தில் இரண்டு அறிவுரைகள் புழங்குகின்றன. பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டும் கன்சல்டன்ட்டுகளில் பலர் சொல்வது: ஆப்ஷனல் என்றால் கட்டாயம் என்றே எடுத்துக்கொள், ஒரு பெட்டியையும் காலியாக விடாதே. வழிகாட்ட ஆளில்லாத வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது: கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், கேட்காததை எழுதி ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? இரண்டுமே தவறு என்பது என் வாதம். எழுதுவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பெட்டியின் மேல் இருக்கும் குறிப்பன்று. விண்ணப்பத்தில் வேறெங்கும் இல்லாத, ஆனால் வாசிப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய ஒரு தகவல் விண்ணப்பிப்பவரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் எழுதியே ஆக வேண்டும்; இல்லையென்றால் துணிந்து விட்டுவிடலாம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இன்று எழுதிக் குவிப்பவர்களில் பலர் எழுதத் தேவையில்லை. எழுத வேண்டியவர்களில் பலரோ எழுதுவதில்லை. இரண்டாவது கூட்டத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணிசமாக இருக்கக்கூடும் என்பதால் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊர் சேர்க்கை முறையிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிது. பொறியியல் கவுன்சலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடப்படுகிறது. ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் பாட மதிப்பெண், பிறந்த தேதி என்று பார்த்து, கடைசியில் ரேண்டம் எண் வரை போகிறார்கள். அந்த வரிசையில் யாரும் மாணவரிடம் ‘நீ யார்?’ என்று கேட்பதில்லை. அதில் ஒரு பெரிய நியாயமும் இருக்கிறது. நன்றாக எழுதத் தெரிந்தவன், செல்வாக்குள்ளவன் என்று யாரும் முந்த முடியாது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு அமெரிக்க விண்ணப்பத்தைத் திறக்கும் பிள்ளை, மதிப்பெண் இல்லாத கேள்வி வீண் கேள்வி என்றே நினைக்கும். 2023-24-இல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறெந்த நாட்டிலிருந்தும் அவ்வளவு பேர் போகவில்லை. அவர்களில் இளநிலைப் படிப்பில் இருந்தவர்களோ ஏறத்தாழ 36,000 பேர்தான். முதுநிலைக்குப் போன அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் நிறையப் பேர் கிடைப்பார்கள். ஆனால் அவர்கள் எழுதியது முதுநிலைப் படிப்புக்கான நோக்க அறிக்கை. பதினேழு வயதில் எழுத வேண்டிய இந்தச் சின்னக் கட்டுரைகளைப் பற்றி அவர்களும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

எழுதியதை யார், எப்படி வாசிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கொண்டுவந்த ஒரு வாசிப்பு முறை பல கல்லூரிகளுக்குப் பரவியது. அதில் இரண்டு அதிகாரிகள் அருகருகே உட்கார்ந்து ஒரே விண்ணப்பத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் மதிப்பெண்ணையும் பள்ளி விவரத்தையும் பார்க்க, மற்றவர் கட்டுரைகளையும் செயல்பாடுகளையும் பார்க்கிறார். பேசிக்கொண்டே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பல விண்ணப்பங்கள் பத்து நிமிடத்துக்குள் முடிந்துபோகின்றன. பத்து நிமிடம் என்பது அலட்சியமில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகளை வாசித்துப் பழகிய கண்ணுக்கு அது போதுமான நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு புதிய தகவல் வந்தால் அது பேச்சின் போக்கை மாற்றும். ஏற்கெனவே சொன்னது இன்னொரு முறை வந்தால் நேரத்தைத் தின்னும். காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகளை ஒவ்வொன்றும் 150 எழுத்துக்குள் எழுத இடமிருக்கிறது. ரோபோட்டிக்ஸ் குழுவைப் பற்றி அங்கே எழுதி, முதன்மைக் கட்டுரையில் எழுதி, ஆப்ஷனல் கட்டுரையிலும் அதையே எழுதினால் மூன்றாவது முறை அது வாசிக்கப்படுகிறதே தவிர எடை பெறுவதில்லை.

கட்டாயமில்லாத கேள்விகள் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. ‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்பது ஒரு ரகம். நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் இதை 250 சொல்லுக்குள் எழுதச் சொல்லி, கட்டாயமில்லை என்றும் குறிப்பிட்டது. கேட்பதன் காரணம் எளிது. இடம் கொடுத்தால் இந்த மாணவர் வருவாரா என்பது கல்லூரிக்குத் தெரிய வேண்டும். இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்ற விகிதத்தை வைத்துத்தான் விடுதி அறையிலிருந்து வரவு செலவு வரை திட்டமிடுகிறார்கள். ஒரே மாணவர் பத்து, பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் அந்தக் கணிப்பு கடினமாகிவிட்டது. ஆகவே ‘ஏன் இங்கே?’ என்பதற்கான பதில் விண்ணப்பத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு தகவல். அதை எழுதாமல் விடுவது, கல்லூரி தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது.

ஆனால் எல்லாக் கல்லூரிகளுக்கும் இந்தக் கவலை இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை, கன்சல்டன்ட்டும் தேவையில்லை. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையைத் திறந்து பாருங்கள். மதிப்பெண், பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரை, குணநலன், முதல் தலைமுறைப் பட்டதாரியா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மிக முக்கியம், முக்கியம், கணக்கில் எடுக்கிறோம், எடுப்பதில்லை என்ற நான்கில் ஒன்றில் குறியிட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலின் அடிப்பகுதியில் ‘விண்ணப்பிப்பவர் காட்டும் ஆர்வம்’ என்று ஒரு வரி உண்டு. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி போன்றவை அந்த வரியில் ‘எடுப்பதில்லை’ என்று குறிக்கின்றன. மற்றப் பல தனியார் கல்லூரிகள் ‘எடுக்கிறோம்’ என்றோ, ‘முக்கியம்’ என்றோ குறிக்கின்றன. ஆர்வத்தை எடைபோடும் கல்லூரி ‘ஏன் இங்கே?’ என்று கட்டாயமில்லாமல் கேட்டால் எழுதுங்கள். பதில் சுமாராக இருந்தாலும் எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இந்த ஒரு வரிக்காக எத்தனை குடும்பங்கள் பணம் கட்டிக் காத்திருக்கின்றன என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு ரகம், கல்லூரி தன் இயல்புக்கேற்ப வீசிப் பார்க்கும் கேள்வி. மெய்ன் மாநிலத்திலுள்ள போடன் கல்லூரிக்கு ‘தி ஆஃபர் ஆஃப் தி காலேஜ்’ என்று 1906-இல் அதன் தலைவர் வில்லியம் டிவிட் ஹைடு எழுதிய ஓர் உரைப்பகுதி உண்டு. கல்லூரிக் கல்வி ஒருவருக்கு என்ன தர வேண்டும் என்று அது சொல்கிறது. அதில் எந்த வரி உன்னைத் தொடுகிறது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, ஏன் என்பதை விருப்பமிருந்தால் எழுதச் சொல்கிறார்கள். வெளிநாட்டு மாணவரின் பணவசதியையும் பார்க்காமல் சேர்க்கை முடிவெடுக்கும் மிகச் சில கல்லூரிகளில் போடனும் ஒன்று. அதனால் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய கல்லூரி அது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம் சில தலைப்புகளைக் கொடுத்து, விண்ணப்பத்தில் வராத ஒன்றைச் சொல்ல இருந்தால் 250 சொல்லுக்குள் எழுதலாம் என்கிறது. இத்தகைய கேள்விகளை அவற்றின் சொற்படியே எடுத்துக்கொள்வது நல்லது. சொல்ல இருக்கிறதா என்று ஒரு வாரம் யோசியுங்கள். முதன்மைக் கட்டுரை ஒருவருடைய அறிவார்வத்தைக் காட்டியிருக்கிறது, ஆனால் அவர் வீட்டில், தெருவில், நண்பர்களிடையே எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டவில்லை என்றால், அந்தக் குறையை நிரப்ப இந்த இடம் நல்ல இடம். அப்படி எதுவும் தட்டுப்படவில்லையென்றால் விட்டுவிடலாம். டியூக் போன்ற இடங்கள் ‘விருப்பமிருந்தால்’ என்று சொல்வதைப் பொய்யென்று எடுத்துக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவது ரகம்தான் மிக முக்கியமானது. அதைத்தான் பெரும்பாலோர் கடந்துபோகிறார்கள். காமன் ஆப்பின் கடைசிப் பகுதியில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று ‘சவால்களும் சூழ்நிலைகளும்’. கோவிட் காலத்தில் 2020-இல் அதன் பாதிப்பை எழுதவென்று வந்த பெட்டி, 2025-26 பருவத்திலிருந்து இந்தப் பெயரில் விரிவாகியிருக்கிறது, 250 சொல். மற்றது ‘கூடுதல் தகவல்’. அது முன்பு 650 சொல்லாக இருந்து இப்போது 300 ஆகிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் சொந்த விண்ணப்பத்தில் எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் கேட்கிறது; அதற்குமேல் கூடுதல் விவரத்துக்கு 550 சொல் இடம் தருகிறது. எம்ஐடியும் இறுதியில் ஒரு திறந்த பெட்டியை வைத்திருக்கிறது. இங்கே கல்லூரி எதையும் குறிப்பாகக் கேட்பதில்லை. எங்களுக்குத் தெரியாத ஏதாவது உன் வாழ்க்கையில் நடந்திருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது.

அமெரிக்க மாணவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்னொருவர் இருக்கிறார்: பள்ளிக் கவுன்சலர். மாணவரின் வீட்டு நிலை, பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைத்தன, ஒரு பருவத்தில் மதிப்பெண் ஏன் விழுந்தது என்பதையெல்லாம் அவர் தன் கடிதத்தில் எழுதுவார். பள்ளியைப் பற்றிய விவரக் குறிப்பையும் இணைப்பார். அங்கேயும் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2022-23-இல் நாடு முழுவதும் சராசரியாக 385 மாணவருக்கு ஒரு கவுன்சலர் இருந்தார். இருக்க வேண்டியது 250 பேருக்கு ஒருவர். ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியிலோ, சிறு நகரத்து மெட்ரிக் பள்ளியிலோ அப்படி ஒரு வேலையே கிடையாது. தலைமையாசிரியரோ பிரின்சிபாலோ அந்தப் படிவத்தை நிரப்புவார். நல்ல மாணவர், ஒழுக்கமானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன் என்று நான்கு வரி எழுதுவார். அவர் மீது குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. விளைவு என்னவென்றால், கவுன்சலர் கடிதம் சுமக்க வேண்டிய சுமை முழுவதும் இந்த ஆப்ஷனல் பெட்டிமேல் வந்து விழுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் அமெரிக்கர்கள் எதிர்பார்க்கும், ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் கிடையாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிரிவு எடுத்தாக வேண்டும், பிடித்த பாடமெல்லாம் சேர்த்து எடுக்க முடியாது. பள்ளியில் ஆய்வகம் எந்த நிலையில் இருந்தது என்பதும் உண்டு. இவை வாசிப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டியவை. மாணவர் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன்; கற்பனை மாணவிதான், ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் அவள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது கடைச் சரக்கு முழுவதும் போயிற்று. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. 2025-இன் இறுதியில் அவள் விண்ணப்பிக்கிறாள். சூழ்நிலைப் பெட்டியில் இயற்கையின் சீற்றம், மனித உறுதி, துயரம் கற்றுத்தந்த பாடம் என்றெல்லாம் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதினால் கிடைக்கும்: ‘2023 டிசம்பர் 18 அன்று வெள்ளத்தில் எங்கள் கடைச் சரக்கு அழிந்தது. வேலைக்கு இருந்தவரை நிறுத்திவிட்டோம். அடுத்த பதினான்கு மாதம் பள்ளி விட்டதும் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை நான் கடையில் நின்றேன். பதினொன்றாம் வகுப்பில் கணித மதிப்பெண் 71 ஆனது அதனால்தான். பத்தாம் வகுப்பில் 92. கடன் அடைந்த பிறகு மீண்டும் ஆள் வைத்தோம். இந்த ஆண்டு காலாண்டுத் தேர்வில் 94.’ இவ்வளவுதான். நாற்பது சொல்லைச் சற்றுத் தாண்டும்; 250 முழுவதும் நிரப்ப வேண்டியதே இல்லை. தேதி, மணி, மதிப்பெண், மாற்றம் எல்லாம் இருக்கின்றன. 71 என்ற எண்ணை முதல் அதிகாரி பார்த்து முகம் சுளிக்கும் அதே நொடியில், பக்கத்தில் இருப்பவர் காரணத்தை வாசித்துச் சொல்லிவிடுவார். கடையில் நின்றதைச் செயல்பாட்டுப் பட்டியலிலும் போட வேண்டும். அங்கே குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. வேலைக்குப் போவதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் ‘ஆக்டிவிட்டி’ இல்லை என்று நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளை எழுத மாட்டாள் என்று நான் அஞ்சுவதற்குச் சான்று இருக்கிறது. கோவிட் காலத்தில் பல கல்லூரிகள், சேர்க்கைக்கான பொதுத் தேர்வான சாட் மதிப்பெண்ணை அனுப்புவதை மாணவர் விருப்பத்துக்கு விட்டன. டார்ட்மத் கல்லூரியில் அங்கேயே பணியாற்றும் பேராசிரியர்கள் நால்வர் அந்த ஆண்டுகளின் விண்ணப்பங்களை ஆராய்ந்தார்கள். வசதி குறைந்த, பின்தங்கிய பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்களில் பலர் 1600-க்கு 1400-ஐ ஒட்டிய மதிப்பெண் வாங்கியிருந்தும் அதை அனுப்பாமல் மறைத்திருந்தார்கள். சேர்ந்தவர்களின் சராசரி அதைவிட அதிகம் என்று பார்த்து, இது போதாது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அவர்களுடைய பள்ளியின் சூழலில் வைத்துப் பார்த்தால் அது உயர்ந்த மதிப்பெண்; அனுப்பியிருந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். இந்த முடிவை ஏற்று 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியது. அது மதிப்பெண்ணைப் பற்றிய ஆய்வு, கட்டுரையைப் பற்றியதன்று. ஆனாலும் அது காட்டும் கோளாறு இங்கும் அப்படியே பொருந்தும். எது தனக்குச் சாதகம் என்று ஊகிக்கும் பொறுப்பை மாணவரிடம் விட்டால், ஊகிக்கத் தேவையான விவரம் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவரே தவறாக ஊகிக்கிறார். வசதியுள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து ‘இதை எழுது’ என்கிறார். இல்லாத பிள்ளை, தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வது கௌரவக் குறைச்சல், சாக்குச் சொல்வதுபோல் ஆகும் என்று பேசாமல் இருந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால் இந்த ஊகமே தேவையில்லையே, நஷ்டம் என்ன என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. பத்துக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவருக்குக் கட்டாயக் கட்டுரைகளே இருபதைத் தொட்டுவிடும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம் என்று கெடு. நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பின்னாலேயே ஜனவரியில் ஜேஇஇ. அமெரிக்கச் சேர்க்கை ஆலோசகர் சங்கமான நாகாக் எடுக்கும் கருத்தறிதலில், கட்டுரைக்குக் கணிசமான எடை கொடுப்பதாகச் சொல்லும் கல்லூரிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பாட மதிப்பெண்ணே அதில் முதலிடத்தில் இருக்கிறது. சொல்ல ஒன்றுமில்லாத ஒரு கட்டுரைக்காக நான்கு இரவுகளை இழந்து, அதனால் கட்டாயக் கட்டுரையோ அரையாண்டுத் தேர்வோ கெட்டால் அது நல்ல வியாபாரமில்லை. கூடுதல் தகவல் பெட்டி 650-இலிருந்து 300 சொல்லாகக் குறைந்ததையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: அங்கே இரண்டாவது முதன்மைக் கட்டுரையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கட்டுரைக்கு மதிப்பே இல்லை, எழுதி என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானது. 2024-இல் டியூக், விண்ணப்பக் கட்டுரைகளுக்கு எண் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டதாகத் தெரிவித்தது. கட்டுரை மாணவரின் எழுத்துத் திறனைக் காட்டுகிறது என்று இனி எடுத்துக்கொள்ள முடியாது. கன்சல்டன்ட்டின் கையும் இயந்திரத்தின் கையும் அதில் இருக்கலாம் என்பதே காரணம். ஆனால் மாணவரைப் புரிந்துகொள்ளத் தொடர்ந்து வாசிக்கிறார்கள். இந்த மாற்றம் என் வாதத்தைப் பலப்படுத்துவதாகவே நினைக்கிறேன். நடையழகுக்கு மதிப்பு விழுந்தால் தகவலுக்கு மதிப்பு ஏறுகிறது. ஏரல் கடையில் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை யார் நின்றது என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ஆங்கிலம் தடுமாறும் தமிழ்வழி மாணவருக்கு இது ஆறுதலான செய்தி. சின்ன வாக்கியங்களில், இலக்கணம் சரியாக, நடந்ததை எழுதினால் அந்தப் பெட்டி தன் வேலையைச் செய்துவிடும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கட்டுரை என்பதே வசதியுள்ளவர்களுக்கான களம். அதில் ஏழைப் பிள்ளையை இறங்கச் சொல்வது அநீதிக்குத் துணைபோவதாகாதா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021-இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த மறுப்புக்கு வலு சேர்க்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் 2,40,000 கட்டுரைகளைக் கணினி கொண்டு அலசினார்கள். கட்டுரையின் உள்ளடக்கத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் இருந்த தொடர்பு, சாட் மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் இருந்த தொடர்பைவிட வலுவாக இருந்தது. மறுப்பின் முதல் பாதியை நான் ஏற்கிறேன்: களம் சமமில்லை. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. சமமில்லாத களத்தில் வசதியில்லாதவர் பேசாமலிருந்தால் சமத்துவம் வந்துவிடாது; டார்ட்மத்தில் மதிப்பெண்ணை மறைத்தவர்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். திருந்த வேண்டியது கல்லூரிகள். ஹார்வர்டு 2023-இல் ஒரு வழி காட்டியது. அதுவரை இருந்த ஆப்ஷனல் கட்டுரையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சிறு கேள்விகளைக் கட்டாயமாக்கியது. முதலில் தலா 200 சொல், மறுவருடமே 150. கேட்க வேண்டியது என்றால் எல்லோரிடமும் கேள், வேண்டாததென்றால் எடுத்துவிடு என்ற நிலை நேர்மையானது. ஆர்வத்தை எடைபோடும் கல்லூரி ‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்பதைக் கட்டாயமில்லாமல் கேட்பது, சூட்சுமம் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவை வைப்பதுதான். அதைக் கைவிட வேண்டும். சூழ்நிலைப் பெட்டி மட்டும் விருப்பத்துக்கு இருக்கலாம். தன் துயரத்தைச் சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

துயரத்தையும் அடையாளத்தையும் விற்பதா என்ற கூச்சமும் இங்கே வருகிறது. ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தது. ஆனால் இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் தாமே எழுதினால் அதைக் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். சாரா லாரன்ஸ் கல்லூரி அந்தத் தீர்ப்பின் வாசகத்தையே எடுத்துப்போட்டுக் கட்டுரைக் கேள்வியாக்கியது. அதன்பின் அடையாளம், சமூகம், பின்னணி பற்றிய கேள்விகள் பெருகின. அங்கே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இதில் தயங்குகிறார்கள். ஆசிய விண்ணப்பதாரர்களுக்குக் குணநல மதிப்பீட்டில் சராசரியாகக் குறைந்த புள்ளி கிடைத்தது ஹார்வர்டு வழக்கு விசாரணையில் வெளிவந்த விவரம். ஆகவே ஆசியன் என்று தெரியாமல் எழுதுவதே புத்திசாலித்தனம் என்ற பேச்சு அங்கே நெடுநாளாக உண்டு. அதே அளவுகோலை இங்கும் வைக்கலாம். தமிழ்ப் பள்ளியில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒருவரை உருவாக்கியிருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. பெயருக்குப் பரதநாட்டியம் ஆடியதை அடையாளமாக ஊதிப் பெருக்க வேண்டியதுமில்லை. வலியும் அப்படியே. மதிப்பெண்ணையோ வாய்ப்பையோ பாதித்த வலி என்றால் அது தகவல். பாதிக்காத வலியை யாரிடமும் ஒப்படைக்கும் கடமை பதினேழு வயதுக்கு இல்லை.

இந்தப் பருவத்தில் விண்ணப்பிக்கும் மாணவர்களும் பெற்றோரும் வேலையை இந்த வரிசையில் வைத்துக்கொண்டால் நல்லது. முதலில் சூழ்நிலைப் பெட்டி: பள்ளியில் எது கிடைக்கவில்லை, வீட்டில் என்ன நடந்தது, அது எந்த மதிப்பெண்ணில் தெரிகிறது என்று தேதியோடு பத்து வரி. அடுத்து, ஒவ்வொரு கல்லூரியின் சி7 அட்டவணையைத் திறந்து, ஆர்வத்தைக் கணக்கில் எடுக்கும் இடங்களுக்கு மட்டும் ‘ஏன் இங்கே?’ கட்டுரை. மற்ற ஆப்ஷனல் கேள்விகளுக்குக் கட்டாயக் கட்டுரைகள் முடிந்தபின் நேரமும் சொல்ல விஷயமும் இருந்தால் பார்க்கலாம். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை விண்ணப்பித்தாலும், பள்ளியில் எத்தனை மாணவர்கள், என்னென்ன பாடப் பிரிவுகள், ஆய்வகமும் நூலகமும் உண்டா, எத்தனை பேர் முதல் தலைமுறையாகப் படிக்கிறார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு ஆங்கிலத்தில் தயாரித்து, நன்னடத்தை வாழ்த்தோடு சேர்த்து அனுப்புங்கள். ஒருமுறை எழுதினால் அடுத்தடுத்த ஆண்டுகளில் வருகிற பிள்ளைகளுக்கும் அதுவே உதவும்.